உங்கள் ஊரில் மருத்துவம் யாருக்கு எட்டவில்லை? தெருவில் கணக்கெடுப்பது முதல் கலெக்டர் ஆபீஸ் வரை: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் சுகாதாரக் கணக்கை மேலிருந்து பார்த்தால் குறை சொல்ல மனசு வராது. 2018–20 கணக்கின்படி இங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியச் சராசரி 97. சிசு மரணம் 2020-ல் ஆயிரத்துக்கு 13, நாட்டுச் சராசரி 28. ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவம் கிட்டத்தட்ட நூறு சதவீதம்.

ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வின் 5-ஆவது சுற்று (2019–21) இதே மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. பிரசவத்துக்குப் பெட் கிடைக்கிறது, ஆனால் அந்தப் பெட்டில் வந்து படுக்கும் பெண்ணின் உடம்பில் ரத்தம் இல்லை. அந்தப் பெண் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று மாநிலச் சராசரி சொல்லாது, மாவட்டச் சராசரியும் சொல்லாது. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

இந்த வழிகாட்டி வார்டு உறுப்பினர், மகளிர் குழுப் பொறுப்பாளர், ஊரில் நாலு காரியம் இழுத்துப்போட்டுச் செய்யும் இளைஞர்கள் ஆகியோருக்கானது. சுகாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்க மத்திய, மாநில அரசுகளின் திட்டங்கள் நிறையவே இருக்கின்றன. அவை எந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன என்று கண்டுபிடித்து, அந்தத் தகவலை உரிய மேசைக்குக் கொண்டுபோவதுதான் இங்கே வேலை.

தொடங்கும் முன்: யார் கையில் என்ன இருக்கிறது

இது தெரியாமல் மனு எழுதினால் அது ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றும்.

அரசியலமைப்புப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. டாக்டரை நியமிப்பது, மருந்து வாங்குவது, கட்டடம் கட்டுவது எல்லாம் மாநில அரசின் வேலை. மத்திய அரசு கொள்கையும் பணமும் தரும். 2005-ல் கிராமங்களுக்கென்று தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், 2013-ல் நகரங்களையும் சேர்த்துக்கொண்டு தேசியச் சுகாதார இயக்கமானது. அதில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். 2017-ன் தேசியச் சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. 2021–22 கணக்கில் அது 1.84 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பாக்கெட்டிலிருந்து போனது. 2013–14-ல் அது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருப்பது உண்மை. ஆனாலும் நூறு ரூபாய் வைத்தியத்தில் நாற்பது ரூபாய் கையைக் கடிக்கிறது என்றால் தினக்கூலிக் குடும்பம் எதை விற்கும் என்று யோசியுங்கள்.

ஊராட்சிக்கு வருவோம். 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குப் பட்டியலிட்ட 29 துறைகளில் சுகாதாரமும் துப்புரவும் குடும்ப நலமும் உண்டு. டாக்டரை மாற்றும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, துணை சுகாதார நிலையத்துக்குப் போகும் பாதை, அப்புறம் தீர்மானம் போடும் உரிமை, இவை உண்டு. இந்தக் கடைசி ஒன்றைப் பலரும் சும்மா பேப்பர் என்று நினைக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்று பின்னால் பார்ப்போம்.

அரசு மருத்துவத்துக்குள்ளேயே மூன்று தனித்தனிக் கூரைகள் உண்டு. துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன. வட்டாரத்தில் வட்டார மருத்துவ அலுவலர், மாவட்டத்தில் மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா ஜி.எச்.சுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர் பொறுப்பு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். தாலுகா ஜி.எச்.சில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை என்று மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனு கொடுத்தால், "இது எங்களோடது இல்லைங்க" என்று திருப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

முதல் படி: சராசரியை உடைத்துத் தெருவாரியாக எண்ணுங்கள்

வேலையில் பாதி இதுதான், அதனால் அவசரப்பட வேண்டாம்.

ஒரு பெரிய சார்ட் பேப்பரில் ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளையும் வரையுங்கள். மெயின் ஊர், ஆதிதிராவிடர் தெரு, மலையடிவாரத்து இருளர் குடிசைகள், செங்கல் சூளை, கோழிப்பண்ணைக்குள் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்கள் என்று எதையும் விடாதீர்கள். ஊராட்சிப் பதிவேட்டில் இல்லாத குடியிருப்பைத்தான் முதலில் குறிக்க வேண்டும். நர்ஸின் பட்டியலிலும் அங்கன்வாடிப் பட்டியலிலும் அநேகமாக அதுதான் விடுபட்டிருக்கும்.

அடுத்து கிராம சுகாதார செவிலியரிடம் உட்காருங்கள். "உங்க வேலையைச் சரிபார்க்க வந்திருக்கோம்" என்ற தொனியில் போனால் வாயே திறக்க மாட்டார். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சமவெளிக்கான விதி. மலைப் பகுதிக்கு மூவாயிரம். ஒற்றை ஆளாக அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு, போனிலும் ரிஜிஸ்டரிலும் பதிவு போட்டுக்கொண்டிருப்பவர் அவர். இப்படிக் கேளுங்கள்: "சிஸ்டர், எந்தத் தெருவுக்கு நீங்க ரெண்டு தடவை நடக்க வேண்டியிருக்கு?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே உங்கள் ஆய்வின் முதல் பக்கம்.

பிறகு நர்ஸ், அங்கன்வாடிப் பணியாளர், வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் ஆகிய மூவரிடமிருந்தும் குடியிருப்புவாரியாக எண்ணிக்கை வாங்குங்கள்:

- இப்போது எத்தனை கர்ப்பிணிகள், அவர்களில் 12 வாரத்துக்குள் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்
- இரண்டு வயதுக்குள் தடுப்பூசி பாக்கி உள்ள குழந்தைகள்
- அங்கன்வாடி எடைப் பதிவில் குறைவாக இருக்கும் குழந்தைகள்
- பிரஷர், சுகர் உள்ளவர்கள், அவர்களில் மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்கள்
- படுத்த படுக்கையாக இருப்பவர்கள்
- முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள்
- இருட்டிய பிறகு 108 வண்டி வாசல்வரை வர முடியாத வீடுகள்

எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் வேண்டாம். முக்கியமாக காசநோய், எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை பற்றிய பெயர்ப் பட்டியல் உங்கள் கைக்கு வரவே கூடாது. நல்ல எண்ணத்தில் எழுதி வைத்த நோட்டு, டீக்கடை பெஞ்சில் விரிந்தால் ஒரு குடும்பம் ஊரை விட்டே போக வேண்டியிருக்கும்.

தெருவாரியாகப் பிரித்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊராட்சியில் பிரஷர் நோயாளிகள் 100 பேர், 72 பேர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிவ்யூ மீட்டிங்கில் பாராட்டே கிடைக்கும். இப்போது பிரியுங்கள். மெயின் ஊரில் 60-க்கு 52. ஆதிதிராவிடர் தெருவில் 25-க்கு 16. மலையடிவாரத்தில் 15-க்கு 4. மாத்திரை சாப்பிடாத 28 பேரில் 11 பேர் ஒரே சின்னக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அந்தக் கைப்பிடி வீடுகளுக்கு மாதம் ஒருமுறை மருந்து போய்ச் சேர்ந்தால் ஊராட்சியின் கணக்கே மாறிவிடும். 72 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த வருஷமும் மெயின் ரோட்டில்தான் இன்னொரு முகாம் போடுவார்கள்.

இரண்டாம் படி: ஏன் எட்டவில்லை என்று பிரியுங்கள்

"விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். பத்து வீட்டில் உட்கார்ந்து பேசினால், விழிப்புணர்வுக் குறை என்பது கடைசியாக வரும் காரணம் என்று தெரியும்.

"ஏம்மா, மாத்திரை வாங்கப் போகலையா?"

"அவங்க குடுக்கிற கிழமையில நான் களை எடுக்கப் போயிருவேன் தம்பி. ஒரு நாள் கூலிய விட்டுட்டு மாத்திரைக்கு வரிசையில நிக்கவா?"

இந்தம்மாவுக்கு விழிப்புணர்வு நன்றாகவே இருக்கிறது, கணக்கும் தெரிகிறது. இலவச மாத்திரைக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி.

கிடைக்கும் பதில்களைத் தூரம், நேரம், பணம், காகிதம், மரியாதை என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் என்றால் பஸ் இல்லாதது, ஓடையில் தண்ணீர் வந்தால் பாதை அறுந்துபோவது. காகிதம் என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இல்லாதது. இருளர், நரிக்குறவர் குடும்பங்களிலும் வெளிமாநிலத் தொழிலாளர்களிடமும் அடிக்கடி இதுதான் முட்டுக்கட்டை. மரியாதை என்பதை யாரும் முதல் பேச்சில் சொல்ல மாட்டார்கள். "அங்க போனா எட்டி நில்லுங்கிறாங்க", "மூணாவது குழந்தையான்னு எல்லார் முன்னாடியும் கத்துறாங்க" என்று இரண்டாம் முறை போனால்தான் வரும். பெண்களிடம் பெண்கள் பேசினால் இன்னும் சீக்கிரம் வரும்.

இப்படிப் பிரிப்பது ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் வேறு வேறு கதவைத் தட்ட வேண்டும். பாதைக்கு ஊராட்சியும் பி.டி.ஓ. ஆபீஸும், காகிதத்துக்கு வி.ஏ.ஓ.வும் தாசில்தாரும், மருந்து கொடுக்கும் நாளுக்கு வட்டார மருத்துவ அலுவலர். மருத்துவமனை வாசலுக்கு வெளியே தீர வேண்டிய காரணங்களே அதிகம் என்று உங்கள் பட்டியலே காட்டும்.

மூன்றாம் படி: எந்தத் திட்டம் எந்தக் காரணத்துக்கு

தமிழ்நாட்டில் திட்டத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் ஒப்பிக்காமல், தெருக் கணக்கில் அடிக்கடி பயன்படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

கூலி விட்டுப் போக முடியாதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுக்கை நோயாளிகளுக்கான வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வரும். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கிய திட்டம். என் பார்வையில் இதன் பலம் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்தான். பலவீனமும் அங்கேதான்: அவர் வீடு மெயின் ஊரில் இருந்தால் மலையடிவாரம் கடைசியாகத்தான் வரும். தன்னார்வலர் இடம் காலியாகும்போது, விடுபட்ட குடியிருப்பிலிருந்தே ஒரு பெண்ணை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கியபோது சிசு மரணம் ஆயிரத்துக்கு 147 என்று இருந்தது. அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. பத்தாவது பெயிலான பெண்ணும் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு தன் மக்களிடம் தன் பேச்சில் பேசினாள். சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பல மடங்கு சரிந்தது. விவசாயம், கைத்தொழில் என்று அவர்கள் வேலை பிற்பாடு விரிந்ததற்கும் காரணம் உண்டு: வீட்டில் வருமானமும் சோறும் இல்லாமல் மருந்து மட்டும் எவ்வளவு தூரம் இழுக்கும்?

கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1987-ல் 300 ரூபாயில் ஆரம்பித்தது. இப்போது 18,000 ரூபாய் மதிப்பு; 14,000 பணமாகவும் மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். கர்ப்பம் தெரிந்தவுடன் நர்ஸிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குவதுதான் நுழைவாயில். பிறப்புச் சான்றுவரை அந்த எண் தேவைப்படும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் பணம் என்பது நிபந்தனை. பதினெட்டில் கல்யாணமாகிப் போன பெண்ணும், மூன்றாவது குழந்தை சுமக்கும் பெண்ணும்தான் ரத்தசோகையில் அதிகம் தவிப்பவர்கள். உதவி அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. நிபந்தனையை ஊராட்சி மாற்ற முடியாது. ஆனால் இந்தப் பெண்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, அங்கன்வாடிச் சத்துமாவு, ஸ்கேன், பிரசவம் எல்லாம் உண்டு. "பணம்தான் கிடையாதே" என்று பதிவே செய்யாமல் இருந்துவிடுகிறார்களா என்று பாருங்கள்.

மலை ஊர்களுக்குப் பிரசவக் காத்திருப்பு அறை என்ற ஏற்பாடு உண்டு. பிரசவத் தேதி நெருங்கும்போதே கர்ப்பிணி, கூட ஓர் ஆளோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து தங்கிவிடலாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. நடுராத்திரி வலி எடுத்த பிறகு 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வேகமாக வந்தாலும் பாதை விடாது. வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளை, ஆட்டை, மாட்டை யார் பார்ப்பது என்பதுதான் பெண்கள் வராததற்கு வழக்கமான காரணம். அதற்கு மகளிர் குழு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். எந்த அரசாணையும் தேவையில்லை. இதே போன்ற ஊர்களில் நெஞ்சுவலிக்கு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் மாத்திரைகளை ஆரம்ப, துணை சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிடுவார்கள். உங்கள் நிலையத்தில் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

குழந்தைகளுக்கு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் மதிய உணவும் இருக்கின்றன. பள்ளி வயதுக்கு முன் ஊட்டச்சத்து குறைந்த குழந்தைகளுக்கு ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டம். பள்ளிக்கே வராத செங்கல் சூளைப் பிள்ளைக்கு இதில் எதுவும் சேராது. சூளையை அங்கன்வாடிப் பணியாளரின் எல்லைக்குள் கொண்டுவரச் சொல்லி எழுத வேண்டியதுதான்.

விபத்துக்கு இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் இருக்கும் ஊர்களில் இதைச் சூளை முதலாளியிடமே சொல்லி வையுங்கள்.

இனி காப்பீடு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

அட்டை எடுத்துக் கொடுப்பது தேவையான வேலைதான். ஆனால் பல ஊர்களில் அட்டை முகாம் போட்டு போட்டோ எடுத்ததோடு சுகாதாரப் பணி முடிந்துவிடுகிறது. காப்பீடு பெரும்பாலும் படுத்துச் சிகிச்சை எடுத்தால்தான் பேசும். மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சுகர் மாத்திரைக்கு அது வராது, ஏழைக் குடும்பத்தின் பணம் அதிகம் கரைவதோ அங்கேதான். அதற்கு மருந்து, அரசு மருந்தகத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு சபாஷ் போடலாம். 1994-ல் அமைக்கப்பட்ட கழகம் அது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். நிலையம் தன் வரம்புக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளும், அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழிக்கப்படும். அமைச்சர் பெயரில் விளம்பரம் இல்லாத இந்தச் சின்னப் புத்தகம், ஏற்றத்தாழ்வைக் குறைத்ததில் பல பெரிய திட்டங்களுக்குச் சமம் என்பேன். ஆகவே உங்கள் ஊர் நிலையத்தில் ஒரு மாத்திரை தொடர்ந்து இல்லை என்றால், கிடங்கிலேயே இல்லையா, நிலையம் கேட்டு வாங்கவில்லையா என்று விசாரியுங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

ஏற்றத்தாழ்வு சில சமயம் தலைகீழாகவும் வரும். அதே 2019–21 ஆய்வில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36. காசு இருப்பவருக்கு எல்லாம் நல்லதாகவே நடக்கிறது என்ற எண்ணத்தோடு அட்டையை வைத்துக்கொண்டு தனியாரிடம் ஓடுபவர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கையில் உள்ள பணத்தைப் பாருங்கள்

கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் இருக்க வேண்டும். தேசியச் சுகாதார இயக்கம் அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, இன்ன செலவுக்கென்று கட்டிப்போடாத நிதியாக வகுத்தது. சின்னத் தொகை, வழக்கமாக பிளீச்சிங் பவுடரிலும் கொசு மருந்திலும் கரைந்துவிடும். தடுப்பூசி நாளுக்கு மலையடிவாரத்திலிருந்து ஆட்டோ, எடை பார்க்கும் மெஷின் என்று தெருக் கணக்கை ஒட்டிச் செலவழிக்கலாம். குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டாலே அது உயிர் பெறும்.

பெரிய பணம் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இருக்கிறது. அதன் ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று ஆரோக்கியமான கிராமம். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 2-ஐ ஒட்டித் திட்டமிடல் தொடங்கும். உங்கள் சார்ட் பேப்பர் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடங்கள், பரிசோதனை வசதிகள் அந்தப் பணத்தில் வந்தவைதான். உங்கள் ஒன்றியத்தில் எந்தக் குடியிருப்புக்கு வந்தது என்று பி.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கிராம சபையில் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வகிக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். விடுபட்ட குடியிருப்பிலிருந்து பத்துப் பேரையாவது அழைத்து வாருங்கள். அவர்கள் கூலிக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால், நேரத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

"மருத்துவ வசதி செய்து தர வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாருக்கும் வேலை இருக்காது. யார், எதை, எங்கே, எப்போதுக்குள் என்று இருக்கட்டும். இப்படி:

"மலையடிவாரக் குடியிருப்பில் உள்ள 15 உயர் ரத்த அழுத்த நோயாளிகளில் 11 பேர் தொடர்ந்து மருந்து பெறவில்லை என இக்கிராம சபையின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மருந்து வழங்கும் நாள் வேலை நாளாக இருப்பதும், தார்ச்சாலை இல்லாததும் காரணமெனத் தெரிகிறது. எனவே, (1) மாதம் ஒருமுறை மாலை 5 மணிக்குப் பிறகு அக்குடியிருப்பிலேயே மருந்து வழங்க வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டுக்கொள்ளவும், (2) ஓடைப் பாதைச் சீரமைப்பை இவ்வாண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் இது முழுதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் போகவில்லை. நகல் கேட்டு வாங்குங்கள், போனில் போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மேசையைத் தாண்டி

தீர்மான நகலோடு வட்டார மருத்துவ அலுவலரை நேரில் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே முடியும். மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றுவதற்கெல்லாம் சென்னை வரை போக வேண்டியதில்லை. முடியாததை மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒரு நகல் கொடுத்து ரசீது எண்ணை வாங்கி வையுங்கள். 2019-ல் தொடங்கிய மாநில சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் சுகாதாரப் பேரவை என்ற கூட்டமும் நடத்தத் தொடங்கினார்கள். மக்கள் தரப்பின் கோரிக்கைகளை மாவட்ட அளவில் எடுத்து, மாநில அளவுக்கு அனுப்பும் மேடை அது. உங்கள் மாவட்டத்தில் இப்போது நடக்கிறதா, எப்போது என்று விசாரித்து, தெருக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு பக்கம் இருந்தால் யாரும் படிப்பதில்லை.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். "எங்கள் துணை சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி" என்று கேளுங்கள். எண்ணும் தேதியும் கேட்டால் எண்ணும் தேதியும்தான் வந்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதில் எந்தக் கட்டத்திலும் உங்கள் ஊர் நர்ஸைக் குற்றவாளி ஆக்காதீர்கள். காலிப் பணியிடத்தின் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பவர் அவர். மனுவில் அவர் பெயரை எழுதினால் கிடைப்பது ஒரு மெமோ மட்டும்தான்.

நகரத்தில் இருந்தால்

கணக்கெடுப்பு முறை ஒன்றேதான், மேடைதான் வேறு. கிராம சபைக்குப் பதில் 2022 நவம்பர் 1 முதல் நடக்கும் பகுதி சபையும் வார்டு குழுவும். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நல்வாழ்வு மையங்களைத் திறந்தார்கள். மொத்தம் 708 என்பது திட்டம். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்திருப்பது கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களை நினைத்துத்தான். மாலை நேரத்தில் டாக்டர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்ப்பது பகுதி சபைக்கான முதல் கேள்வி.

நகரத்தில் தூரம் வேறு மாதிரி வேலை செய்யும். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்களின் பழைய சிகிச்சைச் சீட்டு நகரின் நடுவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும். வீடு மாறும்போது டி.பி., சுகர், டயாலிசிஸ் நோயாளிகளின் சிகிச்சை புது இடத்துக்கு மாற்றி எழுதப்பட்டதா என்று தனியாகக் கேட்டுக் குறியுங்கள்.

ஏழாம் படி: ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள்

அதே சார்ட், அதே கேள்விகள். இந்த முறை மொத்தக் கணக்கைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, மெயின் ஊருக்கும் கடைசிக் குடியிருப்புக்கும் இடையிலான இடைவெளியை மட்டும் பாருங்கள். மேலே சொன்ன கற்பனை ஊராட்சியில் மெயின் ஊர் 60-க்கு 58 ஆகி, மலையடிவாரம் 4-லேயே நின்றால், 72 என்பது 78 ஆகியிருக்கும், ஏற்றத்தாழ்வும் கூடியிருக்கும். புதுத் திட்டம் எது வந்தாலும் முதல் ஆண்டில் இப்படி நடப்பது சகஜம். ரோட்டோரத்தில் இருப்பவர்தான் முதலில் வாங்குவார். இரண்டாம் கணக்கிலும் இடைவெளி அப்படியே இருந்தால் காரணத்தைத் தப்பாகப் பிரித்திருக்கிறோம் என்று அர்த்தம். தூரம் என்று எழுதிய இடத்தில் மரியாதை இருந்திருக்கலாம். அந்தக் குடியிருப்புக்கே போய் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சார்ட்டின் ஒரு நகலை நர்ஸிடமும் ஒன்றை ஊராட்சிச் செயலரிடமும் கொடுத்து வையுங்கள், நர்ஸ் மாறுதலில் போனாலும் அடுத்து வருபவருக்குக் கணக்கு கையில் இருக்கும்.